வட்டி இல்லை, வண்டி மட்டும் ஓடுகிறது

 

சில வாரங்களுக்கு முன் ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளியின் ஹவ்ளருகே நாம் அமர்ந்திருந்தபோது, திண்டிவனத்தைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் நம்மை நாடி வந்தார். காலஞ்சென்ற அவருடைய அத்தா அவ்வூரில் மணிலா கமிஷன் மண்டி வைத்து நேர்மையாக வியாபாரம் செய்தவர். அவர் 1972-ஆம் ஆண்டு வாங்கிய அம்பாசடர் கார் ஒன்று இன்றும் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. முப்பது வயதைத் தாண்டிய நமக்கு அந்தக் கார் எவ்வளவோ மூத்தது! தெருவில் யாருக்கு நெஞ்சுவலி, யாருக்குப் பிரசவ வேதனை என்றாலும் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஓடிய வண்டி அது. எத்தனையோ மாப்பிள்ளைமார் அதில் ஏறி நிக்காஹ் மஜ்லிஸுக்குப் போயிருக்கிறார்கள். எத்தனையோ மணப்பெண்கள் அதில் அமர்ந்து கண்ணீரோடு புகுந்த வீடு சென்றிருக்கிறார்கள்.

சென்ற பட்டத்தில் மண்டியில் நஷ்டம் ஏற்பட்டு, மணிலா போட்ட விவசாயிகளுக்கு இச்சகோதரர் 2 லட்சம் ரூபாய் பாக்கி வைத்து விட்டார். வட்டிக்கு வாங்க மனமில்லை. இந்த நேரத்தில் விழுப்புரத்திலுள்ள முஸ்லிம் வியாபாரி ஒருவர் கை கொடுக்க முன்வந்தாராம். “பாய், எனக்கு வட்டி ஒரு பைசா வேண்டாம். காரைக் கொண்டு வந்து என் வீட்டில் விட்டு விடுங்கள். பழைய கார் என்றால் இப்போது மாப்பிள்ளை ஊர்வலத்துக்கும் போட்டோ எடுக்கவும் ஆசையாகக் கேட்கிறார்கள். அதற்கு விட்டுக் கொள்கிறேன். பத்து மாதத்தில் பணத்தைக் கொடுத்து வண்டியை ஓட்டிக் கொண்டு போங்கள். தவறினால் வண்டி எனக்கு” என்பது பேச்சு.

சகோதரர் நம்மிடம் ஃபத்வா கேட்க வரவில்லை. துஆக் கேட்கவே வந்தார். “வட்டியிலிருந்து அல்லாஹ் காப்பாற்றி விட்டான் ஹஜரத். திங்கட்கிழமை காரை விழுப்புரத்தில் விடப் போகிறேன். துஆச் செய்யுங்கள்” என்றார்.

கையை உயர்த்தும் முன் நாம் ஒன்று கேட்டோம். “உங்களுடன் பிறந்தவர்கள் எத்தனை பேர்?”

“ஒரே ஒரு அக்கா. புதுச்சேரியில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அம்மா என்னோடு இருக்கிறார்கள்.”

“அவர்களிடம் கேட்டீர்களா?”

அவர் தலையைக் குனிந்து கொண்டார்.

அன்று அவரிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கே சற்று விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஏனெனில் இது ஒரு காரின் கதை மட்டுமன்று. நகையை வைக்கிறோம், வீட்டை ஒத்திக்கும் போக்கியத்துக்கும் விடுகிறோம், வண்டியை வைக்கிறோம். வைக்கிறவரும் வாங்குகிறவரும் ஐங்காலத் தொழுகையாளிகளாகவே இருக்கலாம். ஆனால் ஈட்டுக்கு மார்க்கம் இட்டிருக்கும் எல்லைகளை நம்மில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

ஈடு வைப்பது இழிவா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். கடனுக்கு ஈடு வைப்பதும், ஈடு கேட்பதும் மார்க்கத்தில் குற்றமில்லை. ‘ரஹ்ன்’ என்று ஃபிக்ஹு நூல்களில் தனிப் பாடமே இதற்கு உண்டு. திருக்குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம் கடனை எழுதிக் கொள்ளுமாறும் சாட்சி வைத்துக் கொள்ளுமாறும் பணிக்கிறது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அதுதான். தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ இல்லாமல், கொடுக்கல் வாங்கலைப் பற்றியதாக அந்த மிக நீண்ட வசனம் அமைந்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். அதற்கடுத்த 283-ஆவது வசனம், பயணத்தில் எழுதுகிறவர் கிடைக்காத நிலையில், கையில் ஒப்படைக்கப்படும் ஈட்டைப் பற்றிப் பேசுகிறது.

பயணத்தில் மட்டுமல்ல, ஊரிலிருக்கும்போதும் ஈடு வைக்கலாம் என்பதற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையே ஆதாரம். மதீனாவில் ஒரு யூதரிடமிருந்து தம் குடும்பத்துக்காக வாற்கோதுமையைக் கடனாக வாங்கி, தமது இரும்புக் கவசத்தை அவரிடம் ஈடாக வைத்தார்கள். அவர்கள் வஃபாத்தானபோது அக்கவசம் 30 ஸாஉ வாற்கோதுமைக்காக ஈட்டிலேயே இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உள்ளது. அரபு நாட்டின் பெரும்பகுதி தம் தலைமையின் கீழ் வந்து விட்ட காலத்திலும், பிற மதத்தவர் ஒருவரிடம் முறையாக ஈடு வைத்துக் கடன் பெற்ற நபியின் உம்மத்து நாம். ஆகவே, ‘அத்தாவின் காரை அடமானம் வைத்தான்’ என்று ஊரார் பேசுவார்களே என அந்தச் சகோதரர் கூசத் தேவையில்லை. விவசாயிகளின் பாக்கியைத் தீர்க்கவே அவர் கடன் கேட்கிறார். அது நல்ல எண்ணமே.

ஈடு எதற்காக? கடன் கொடுத்தவரின் மனம் நிம்மதியாக இருக்க வேண்டும். வாங்கியவர் மறந்து விடாமல் இருக்க வேண்டும். எல்லாம் கை மீறிப் போனால் அதை விற்றுக் கடனைத் தீர்க்க வழி இருக்க வேண்டும். அவ்வளவே. ஈடு என்பது கடனுக்குக் காவலாள். காவலாளைக் கொண்டுபோய் வயலில் ஏர் பூட்டினால் அது காவலாகாது. விழுப்புரத்துப் பேச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்ப்போம்.

யார் ஓட்டுவது?

வாகனத்தை ஈடு வைப்பது பற்றி நபிமொழியே உண்டு என்றால் சிலர் வியப்படைவார்கள். அக்காலத்து வாகனம் ஒட்டகமும் குதிரையும். ஈடு வைக்கப்பட்ட பிராணியின் மீது, அதற்காகும் செலவுக்குப் பகரமாகச் சவாரி செய்யலாம். பால் கறக்கும் பிராணியானால் பாலை அருந்தலாம். சவாரி செய்து பால் அருந்துகிறவர் மீதே அதன் செலவு சாரும் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் வருகிறது.

இதைக் கொண்டு இமாம் அஹ்மது பின் ஹன்பல் (ரஹ்) அவர்கள், கடன் கொடுத்தவர் தீனி போட்டால் அந்தத் தீனியின் அளவுக்குச் சவாரி செய்யலாம் என்றார்கள். இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்களோ, சவாரி செய்யும் உரிமையும் தீனி போடும் பொறுப்பும் சொந்தக்காரருக்கே என்றார்கள். ஹனஃபி மத்ஹபிலும் கடன் கொடுத்தவர் தாமாக ஈட்டைப் பயன்படுத்துவதற்கு இடமில்லை. அனுமதித்த இமாம் அஹ்மது (ரஹ்) அவர்களும்கூட ‘தீனியின் அளவுக்கு’ என்று கணக்குப் போட்டே அனுமதித்தார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

“சொந்தக்காரரே சம்மதித்து விட்டாரே, ஹஜரத்?” என்று கேட்கலாம். 1836-இல் மறைந்த டமாஸ்கஸ் நகரத்து ஹனஃபி மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இதற்கு விடை சொல்லிச் சென்றிருக்கிறார்கள். மக்களின் வழக்கத்தைப் பார்த்தால், அந்தப் பலன் கிடைக்காவிட்டால் அவர்கள் கடனே கொடுக்க மாட்டார்கள். எனவே அதை வாயால் பேசாவிட்டாலும் பேசி வைத்த நிபந்தனையைப் போன்றதே என்பது அவர்கள் கூற்றின் சாரம். கடனின் பேரில் கொடுத்தவர் நிபந்தனையிட்டு அடையும் பலன் ரிபா. விழுப்புரத்திலோ அதை வாய்விட்டே பேசியாகி விட்டது.

கணக்கைப் பார்ப்போம். உதாரணமாக, மாதத்தில் நான்கு திருமணங்களுக்குக் கார் போகிறது என்று வைத்துக் கொள்வோம். பெட்ரோலும் டிரைவர் பேட்டாவும் போக, ஒரு திருமணத்துக்கு 2,000 ரூபாய் மிஞ்சினால் மாதம் 8,000 ரூபாய். 2 லட்சத்துக்கு 8,000 என்றால் நூற்றுக்கு நான்கு ரூபாய் மாத வட்டி! பத்து மாதத்தில் 80,000 ரூபாய் கைக்கு வந்து விடும். அதற்குப் பிறகும் அந்த 2 லட்சம் அப்படியே பாக்கி நிற்கும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் கொண்டு வந்தார்கள். வட்டி என்ற சொல்லை உச்சரிக்காமலே அதன் வேலையை ஒரு கார் செய்து முடிக்குமானால், பெயரை மாற்றியதால் பொருள் மாறி விடுமா?

கடன் வாங்கியவர் தம் வாகனத்தில் ஏற்றிக் கொண்டாலும், அதற்கு முன்பே அப்படியொரு பழக்கம் இருவருக்குமிடையில் இல்லையென்றால் கடன் கொடுத்தவர் ஏற வேண்டாம் என்ற கருத்தில் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஒன்று இப்னு மாஜாவில் உள்ளது. ஒரு தடவை இலவசமாக ஏறிக் கொள்வதிலேயே இவ்வளவு எச்சரிக்கை! நாமோ ஊர்வலத்துக்கு நாள் குறிக்கிறோம்.

இங்கு நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பழைய காரை மாதக்கணக்கில் அசையாமல் நிறுத்தினால் பேட்டரி இறங்கி விடும்; டயர் ஒரே இடத்தில் அழுந்திப் போகும்; கார்புரேட்டரில் பெட்ரோல் வற்றிப் படிந்து விடும். உண்மை. அதற்காக வாரம் ஒரு முறை என்ஜினை ஓட விட்டு, வண்டியைக் கொட்டகையிலிருந்து கொஞ்ச தூரம் நகர்த்தி நிறுத்துவது பாதுகாப்பின் பாற்பட்டது. ஒட்டகத்துக்குத் தீனி போடுவது போன்றது அது. அதைக் காரணமாகக் காட்டிச் செஞ்சி வரை கல்யாணச் சவாரி போய் வர முடியாது. அத்துடன், சொந்த உபயோகத்துக்கென்று பதிவான காரை வாடகைக்கு ஓட்ட நாட்டின் சட்டமும் இடம் தரவில்லை.

‘தவறினால் வண்டி எனக்கு’

இரண்டாவது நிபந்தனைக்கு வருவோம். இஸ்லாத்துக்கு முன்னிருந்த அரபுகளின் வழக்கம் இதுவே. தவணை முடிந்து பணம் வராவிட்டால் ஈட்டுப் பொருள் கடன் கொடுத்தவருக்கே சொந்தமாகி விடும். பத்து ரூபாய்க் கடனுக்கு நூறு ரூபாய்ப் பொருள் போய் விடும். இந்த வழக்கத்தை நபி (ஸல்) அவர்கள் தகர்த்தார்கள். ஈடு அதன் சொந்தக்காரரை விட்டு அடைபட்டுப் போகாது. அதன் ஆதாயமும் அவருக்கே, அதன் நஷ்டமும் அவருக்கே என்பது அந்த நபிமொழியின் கருத்து.

அப்படியானால் கடன் கொடுத்தவர் கதி என்ன? தவணை முடிந்ததும் அவர் கேட்கலாம். வாங்கியவர் விற்றுக் கொடுக்க வேண்டும். மறுத்தால் நீதியின் வழியே விற்கச் செய்யலாம். விற்ற தொகையில் தம் கடனை எடுத்துக் கொண்டு மீதத்தைச் சொந்தக்காரரிடம் திருப்பித் தர வேண்டும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 176-ஆவது பிரிவும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. நியாயமான அவகாசத்துடன் அறிவிப்புக் கொடுத்த பிறகே விற்கலாம்; மிஞ்சுவது ஈடு வைத்தவருக்கே சேரும். தவணை தவறிய வாகனத்தை அடியாட்களைக் கொண்டு பறிப்பது கூடாது என்று 2007 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு வங்கியின் வழக்கில் கண்டித்துச் சொல்லியிருக்கிறது.

பழைய வாகனத்தில் இந்த நிபந்தனை இன்னும் கொடியதாகிறது. புதிய வண்டியின் மதிப்பை எவரும் சொல்லி விடலாம். அம்பாசடர் கார் 2014-ஆம் ஆண்டோடு தயாரிப்பு நின்று போன வண்டி. காப்பீட்டு விதிப்படி ஐந்தாண்டுகள் வரை வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் இவ்வளவு என்று குறைந்து கொண்டே வரும். அதற்கும் மேற்பட்ட வயதென்றால் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசித்தான் மதிப்பை முடிவு செய்ய வேண்டும். ஒரு பக்கம், பழைய இரும்புக்குப் போகும் விலை. மறுபக்கம், ஆசைப்பட்டுத் தேடி வருகிறவர் கொடுக்கும் விலை. இரண்டுக்கும் இடையில் லட்சக்கணக்கில் வித்தியாசம் இருக்கக் கூடும்.

மத்திய அரசு 2021-இல் கொண்டு வந்த விதியின்படி, முதற் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களைப் பாரம்பரிய வாகனமென்று தனியாகப் பதிவு செய்யலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல் போன்றவற்றுக்கு எடுத்துப் போகலாமே தவிர, அன்றாடப் போக்குவரத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது. 1972-ஆம் ஆண்டுக் கார் இந்த வயதை எட்டி விட்டது. இதை அறிந்தவர் கையில் அதன் மதிப்பு வேறு. அறியாதவர் கையில் வேறு. மதிப்பே தெரியாத ஒரு பொருள் ‘தவறினால் எனக்கு’ என்ற ஒரு வார்த்தையில் கை மாறுமானால், அது கடனா, சூதாட்டமா?

இங்கே மனச்சாட்சியைத் தொடும் கேள்வி ஒன்றும் எழுகிறது. அந்தச் சகோதரரிடம் 2 லட்சத்துக்கு ஈடாக வைக்க வேறு பொருளும் இருந்திருக்கலாம். விழுப்புரத்து வியாபாரி ஏன் காரைக் கேட்டார்? அத்தாவின் காரை எப்பாடு பட்டாவது மீட்பார் என்பது அவருக்குத் தெரியும். பிரியமான பொருளை ஈடாகக் கேட்பது தவறா? தவறென்று நாம் சொல்ல மாட்டோம். ஈடு மனத்தை உறுத்தினால்தானே கடன் நினைவில் இருக்கும்? ஆனால் உறுத்துவது வேறு, கழுத்தை நெரிப்பது வேறு. ‘மீட்காவிட்டால் உன் அத்தாவின் கார் கல்யாண மண்டப வாசலில் வாடகைக்கு நிற்கும்’ என்ற பயத்தைக் கொண்டு கூடுதலாக ஒரு தவணை கறப்பதும், விலையைக் குறைத்து எழுதி வாங்குவதும் பாசத்தின் மீது வாங்கும் வட்டி. கடனாளி நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கும்படியும், தர்மமாக விட்டு விடுவது இன்னும் மேலானது என்றும் அல்பகராவின் 280-ஆவது வசனம் கூறுகிறது. கையில் ஈடு இருப்பவருக்கு அவகாசம் கொடுப்பது மற்றவர்களை விட எளிதல்லவா?

கார் யாருடையது?

இதுவரை கடன் கொடுப்பவரின் பக்கத்தைப் பேசினோம். இதைக் கேட்ட சகோதரர் நெடுமூச்சு விட்டு, “அப்படியென்றால் அந்த பாய் பேரில்தான் தவறு” என்றார். நாம் சொன்னோம்: “அவருடைய தவறு இரண்டு. உங்களுடைய தவறு ஒன்று. ஆனால் உங்களுடையது மூத்தது.”

அத்தா மறைந்தவுடன் அந்தக் கார் மகனுடையதாகி விடவில்லை. அடக்கச் செலவும், அவருடைய கடன்களும், வஸிய்யத்து இருந்தால் அதுவும் போக, மீதமெல்லாம் வாரிசுகளுக்குரியது. மனைவி ஒருவர், மகன் ஒருவர், மகள் ஒருவர் என்றால் சொத்தை 24 பங்காக்க வேண்டும். மனைவிக்கு எட்டில் ஒன்றாக 3 பங்கு. மீதமுள்ள 21-இல் மகனுக்கு 14, மகளுக்கு 7. காரின் மதிப்பு 4,80,000 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் தாயாருக்கு 60,000, அக்காவுக்கு 1,40,000, தம்பிக்கு 2,80,000. கொட்டகை தம்பி வீட்டில் இருப்பதால் இந்தக் கணக்கு மாறாது. சாவி அவர் சட்டைப் பையில் இருப்பதாலும் மாறாது.

பிரிக்கப்படாத பங்கை ஈடு வைப்பது ஹனஃபி மத்ஹபில் செல்லாது. ஷாபிஈ மத்ஹபில் தன் பங்கை மட்டும் வைக்கலாம். அக்காவின் ஏழு பங்கையும் தாயாரின் மூன்று பங்கையும் அவர்கள் அனுமதியின்றி வைக்க எந்த மத்ஹபிலும் இடமில்லை. அனுமதி பெற்று விட்டாலோ, பிறர் பொருளை இரவலாக வாங்கி ஈடு வைப்பது இரு மத்ஹபுகளிலும் கூடும். எவ்வளவு கடனுக்கு, எவ்வளவு காலத்துக்கு, யாரிடம் என்பதையெல்லாம் சொல்லிக் கேட்க வேண்டும். “வைக்கட்டுமா?” என்று வாசலில் நின்று கேட்பது போதாது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? பெண் மக்களுக்கு நகையும் சீரும் கொடுத்தாகி விட்டது என்று கணக்கை மூடி விடுகிறோம். கல்யாணத்தில் கொடுத்தது அன்பளிப்பு. ஃபராயிள் பங்கு அல்லாஹ் விதித்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. அக்கா கேட்கவில்லை என்பதும் அக்கா விட்டுக் கொடுத்து விட்டார் என்பதும் ஒன்றல்ல. தம்பி வீட்டு வாசல் அடைபட்டு விடுமோ என்ற பயத்தில் வாய் மூடியிருக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! வட்டியை அஞ்சி விலகிய அந்த நல்ல மனிதர், உடன்பிறந்தவளின் பங்கை அறியாமல் அடகு வைக்கப் புறப்பட்டதை என்னென்பது?

நாட்டின் சட்டமும் இதே கேள்வியைக் கேட்கிறது. பதிவுச் சான்று இறந்தவர் பெயரிலேயே இருந்தால் முறையாக எந்த ஈடும் எழுத முடியாது. வாரிசு பெயருக்கு மாற்ற வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 31-ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும். மறைந்தவர் பெயரில் வண்டியை ஓட்டிக் கொண்டிருப்பது பலருக்குப் பழகி விட்டது. விபத்து ஒன்று நடந்து விட்டால் யார் பதில் சொல்வது என்று ஒரு கணமாவது யோசிக்க வேண்டாமா?

சரியான வழி என்ன?

கூடாதென்று சொல்லி விட்டு எழுந்து போவது எளிது. விவசாயிகளின் பாக்கி அப்படியே இருக்கிறதே! ஆகவே கூடியதையும் சொல்ல வேண்டும்.

முதலாவது, தாயாரும் அக்காவும் மனமொப்பிச் சம்மதித்த பின், கார் ஈடாக நிற்கட்டும், ஓடாமல் நிற்கட்டும். இருவரில் எவருக்கும் நம்பிக்கைக் குறைவு இருந்தால் இருவருக்கும் பொதுவான நேர்மையாளர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம். ‘அத்ல்’ என்று ஃபிக்ஹு நூல்கள் இவரை அழைக்கின்றன. ஜமாஅத்தே அந்தப் பொறுப்பை ஏற்கலாம்.

இரண்டாவது, கார் திண்டிவனத்திலேயே இருக்க, பதிவுச் சான்றில் ஈட்டைப் பதிந்து வைக்கலாம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு இதற்கு வழி செய்கிறது. கடன் தீரும் வரை வண்டியை விற்க முடியாது. தீர்ந்ததும் 35-ஆம் எண் படிவத்தால் பதிவை நீக்கிக் கொள்ளலாம். கையில் ஒப்படைத்தால்தான் ஈடு முழுமையாகும் என்பது முன்னோரின் சட்டம். ஆயினும், சொந்தக்காரர் கையைக் கட்டி விடும் இத்தகைய பதிவையும் ஈடாக ஏற்கலாம் என்று இக்காலத்து ஆலிம்கள் பலர் கூறுகின்றனர். பைனான்ஸ் கம்பெனிகள் செய்வதும் இதே பதிவுதான். அங்கே ஹராமாவது வட்டியே தவிர, பதிவு அன்று.

மூன்றாவது, லோடு வண்டி, ஆட்டோ போல வாடகைக்கு ஓட்டச் சட்டப்படி அனுமதி பெற்ற வாகனமானால் அதை ஓட விடலாம். ஆனால் வாடகை முழுவதும் சொந்தக்காரரின் கணக்கில் எழுதப்பட்டுக் கடனில் கழிய வேண்டும். ஹனஃபி சட்டப்படி வாடகைக்கு விட்ட மாத்திரத்தில் ஈடு முறிந்து வெறும் கடனாகி விடும் என்பதையும் அறிந்து செய்ய வேண்டும்.

இவற்றில் எதைச் செய்தாலும் எழுதிக் கொள்ளுங்கள். ஈட்டுப் பொருள் கடன் கொடுத்தவர் வசம் இருக்கையில் எரிந்து போனால் என்ன செய்வது? ஹனஃபி மத்ஹபில் பொருளின் மதிப்பு, கடன் இவ்விரண்டில் எது குறைவோ அந்த அளவுக்குக் கடன் கழிந்து விடும். ஷாபிஈ மத்ஹபில், அவர் அலட்சியமாக இருந்தாலொழிய அது அமானிதம். கடன் அப்படியே நிற்கும். கொட்டகை வாடகை யார் மீது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இதையெல்லாம் வண்டி கை மாறும் முன் பேசிக் கொண்டால் நட்பு பிழைக்கும்.

நான்காவது வழி நம் எல்லோருக்கும் உரியது. தனி மனிதரின் தயவை எதிர்பார்த்து எத்தனை நாள் ஓட்டுவது? தேவ்பந்தில் 1961-ஆம் ஆண்டிலேயே முஸ்லிம் ஃபண்டு என்ற அமைப்பைத் தொடங்கி, நகையை ஈடாகப் பெற்று வட்டியில்லாக் கடன் கொடுத்தார்கள். நம்மவர் நிறையப் பேர் வாழும் மலேசியாவில், திரெங்கானு மாநிலத்தில் 1992-இல் இஸ்லாமிய முறையிலான அடகுக் கடை தொடங்கிப் பின்னர் மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. அங்கே வட்டிக்குப் பதிலாகப் பாதுகாப்புக் கூலி வாங்குகிறார்கள். அக்கூலி உண்மைச் செலவைத் தாண்டிக் கடன் தொகையோடு சேர்ந்து ஏறினால் அதுவும் ஐயத்துக்குரியதே. குறை இருந்தால் திருத்திக் கொள்ளலாம். ஒவ்வொரு ஜமாஅத்தும் பைத்துல்மாலில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்கினால், திண்டிவனத்துக்காரர் விழுப்புரம் போய்த் தலை குனிய வேண்டியதில்லை.

பிறகு நடந்தது

அடுத்த வெள்ளிக்கிழமையும் அந்தச் சகோதரர் வந்தார். புதுச்சேரிக்குப் போய் அக்காவிடம் பேசினாராம். “அத்தா மவுத்தாகி ஆறு வருஷம் ஆச்சு தம்பி. வீட்டு விஷயமா நீ என்னைக் கேக்குறது இதுதான் முதல் தடவை” என்று அந்தச் சகோதரி அழுதாராம். சம்மதமும் கொடுத்தாராம். விழுப்புரத்து வியாபாரியிடம் கல்யாணச் சவாரியும் கூடாது, ‘தவறினால் எனக்கு’ என்ற பேச்சும் கூடாது என்று சொன்னதற்கு, அவர் இரண்டு நாள் பதில் பேசவில்லை. மூன்றாம் நாள், “கொட்டகையில் இடம் இருக்கிறது. தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறேன். எழுதிக் கொண்டு வாருங்கள்” என்றாராம். அவரும் வட்டி வாங்கக் கூடாதென்று எண்ணித்தான் தொடங்கினார். அது எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதை அறியாதிருந்தார். அல்லாஹ் இருவருக்கும் பரக்கத் செய்வானாக!

முத்தஸ்ஸிர் அத்தியாயத்தின் 38-ஆவது வசனத்தில், ஒவ்வோர் ஆத்மாவும் தான் சம்பாதித்ததற்கு ஈடாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்தை அல்லாஹுத்தஆலா அறிவிக்கிறான். அங்கே அவன் ஆள்வதும் ‘ரஹ்ன்’ என்ற அதே மூலத்திலிருந்து பிறந்த சொல்லையே. கார் ஈட்டில் இருந்தால் பத்து மாதத்தில் மீட்டு விடலாம். சகோதரியின் பங்கையும் கடனாளியின் கண்ணீரையும் சம்பாதித்துக் கொண்டு போகும் ஆத்மாவை மஹ்ஷரில் மீட்பதற்கு யார் பணம் கட்டுவது? இன்றிரவு நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து, அதில் பிறர் வைத்த ஈடு ஏதும் இருந்தால் அதைக் கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்றும், பிறரிடம் நாம் வைத்த ஈடு ஏதும் இருந்தால் அது முழுவதும் நம்முடையதுதானா என்றும் ஒரு தடவை பார்த்துக் கொள்வோம்.

வல்லாஹு அஃலம். வஸ்ஸலாம்.